தவறு கையிலா, கருவியிலா?

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் தடித்த பதிவேடு ஒன்று உண்டு. பழுதான கருவியின் பெயரை அதில் எழுதி, எதிரே காரணத்தையும் குறிக்க வேண்டும். ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் அதைப் புரட்டிப் பார்த்தேன். "அம்மீட்டர் கருகியது - மாணவரின் கவனக்குறைவு" என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் வந்தது. காலப்போக்கில் நானும் அதே வரியை எழுதலானேன். ஒரு முறை, அப்படிக் கருக்கிவிட்ட மாணவன் ஒருவனை மற்றவர்கள் முன்னிலையில் கடுமையாகக் கண்டித்தும் விட்டேன். "வோல்ட்மீட்டர் என்று நினைத்துவிட்டேன், சார்" என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. தலைகுனிந்து நின்றான்.

அவன் போன பிறகு இரண்டு கருவிகளையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே கறுப்புப் பெட்டி, ஒரே அளவு, ஒரே மாதிரித் திருகுகள், ஒரே வளைவான அளவுகோல். முள்ளுக்கு அடியில் கடுகளவாக அச்சிட்ட 'ஏ', 'வி' என்ற எழுத்துதான் வேற்றுமை. வோல்ட்மீட்டரை மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நேராக இணைக்கலாம். அம்மீட்டரை அப்படி இணைத்தால், அதன் மின்தடை மிகக் குறைவாதலால் பெருமளவு மின்னோட்டம் பாய்ந்து கருவி கெட்டுவிடும். குணத்தில் இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் முகம் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? தவறியது மாணவனின் கையா, கருவியின் அமைப்பா?

இந்தக் கேள்வி என் மேசையில் பிறந்ததன்று. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன் உயிர்கள் பலவற்றைப் பலி கொடுத்த பின் எழுந்த கேள்வி இது. கருவியைக் கொண்டு மனிதனை அளந்து வந்த அறிவியல், மனிதனைக் கொண்டு கருவியை அளக்கத் தொடங்கிய வரலாற்றைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

சக்கரமும் இறக்கையும்

இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்க விமானப் படையில் ஒரு விசித்திரமான விபத்து மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. போயிங் பி-17 என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் பத்திரமாகத் தரையைத் தொடும், ஓடுபாதையில் ஓடும், ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானி தன் கையாலேயே சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவார்! விமானம் வயிறு தேய்ந்து சரியும். விசாரணை அறிக்கையில் 'விமானியின் தவறு' என்று எழுதப்படும்.

1943ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்திலுள்ள ரைட் ஃபீல்டு விமானத் தளத்தின் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளநூல் அறிஞர் பணியாற்றினார். இந்தப் புதிரை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் கவனித்த முதல் உண்மை இது: பி-17, பி-25, பி-47 போன்ற சில வகை விமானங்களில்தான் இவ்விபத்து நிகழ்ந்தது. நம் நாட்டில் 'டக்கோட்டா' என்று பெயர் பெற்ற சி-47 விமானத்தில் அது நிகழவில்லை. கவனக்குறைவு மனிதர்களின் குணம் என்றால், அது விமானத்தின் வகையைப் பார்த்தா வரும்?

சப்பானிஸ் விமானி அறைக்குள் சென்று பார்த்தார். விடை அங்கே இருந்தது. விமானம் இறங்கும்போது வேகத்தைத் தணிக்க, இறக்கைகளின் பின்னோரத்திலுள்ள 'ஃபிளாப்' என்னும் தகடுகளைத் தாழ்த்துவார்கள். தரையைத் தொட்டபின் அவற்றை உயர்த்த வேண்டும். ஃபிளாப்பை இயக்கும் விசையும் சக்கரங்களை இயக்கும் விசையும் அந்த விமானங்களில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்வைக்கும் தொடுதலுக்கும் அவை ஒன்றுபோலவே இருந்தன. களைத்துத் திரும்பிய விமானியின் கை அடுத்ததைத் தொட்டுவிட்டது. அவ்வளவே. டக்கோட்டாவில் இந்த இரண்டு விசைகளும் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாக இயங்கின.

சப்பானிஸ் சொன்ன மருந்து மிக எளியது. சக்கர விசையின் நுனியில் ரப்பரால் செய்த சிறு சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். ஃபிளாப் விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றைப் பொருத்தினார். இருட்டிலும் விரல்களுக்கு வேற்றுமை தெரிந்தது. இன்றும் பயணி விமானங்களில் சக்கரப் பிடி சக்கர வடிவிலும் ஃபிளாப் பிடி இறக்கை வடிவிலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமான விதிகளில் உள்ளது.

460 தவறுகள்

போர் முடிந்தது. ஒரு விபத்தில் கண்ட உண்மையை எல்லாக் கருவிகளுக்கும் விரித்துப் பார்க்க வேண்டுமல்லவா? ரைட் ஃபீல்டு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பால் ஃபிட்ஸ், ஜோன்ஸ் ஆகிய இருவரும் அப்பணியில் இறங்கினர். "விமானத்தின் விசைகளை இயக்குவதில் நீங்கள் செய்த, அல்லது பிறர் செய்யக் கண்ட தவறு ஒன்றை விவரமாகச் சொல்லுங்கள்" என்று விமானிகளைக் கேட்டனர். இவ்வாறு திரட்டிய 460 அனுபவங்களை 1947இல் வகைப்படுத்தி வெளியிட்டனர். அந்த அறிக்கையின் தலைப்பில் 'விமானியின் தவறு' என்ற சொற்கள் மேற்கோள் குறிக்குள் அச்சாகியிருந்தன. அந்தக் குறியே ஒரு கேள்விதான்!

கணக்கு என்ன சொல்லிற்று? ஒன்றைத் தொடப்போய் மற்றொன்றைத் தொட்ட தவறுகள் 50 சதவிகிதம். விசையைச் சரியான அளவுக்கு நகர்த்தாதவை 18, மறந்துபோனவை 18, எதிர்த் திசையில் நகர்த்தியவை 6, தெரியாமல் கை பட்டவை 5, கை எட்டாதவை 3.

பாதித் தவறுகள் இடம் மாறிய தவறுகள்! காரணம் தேடினால் வியப்பாக இருக்கிறது. எஞ்சினின் விசை, காற்றாடி, எரிபொருட்கலவை ஆகியவற்றை இயக்க மூன்று பிடிகள் வரிசையாக இருக்கும். பி-25 விமானத்தில் இடமிருந்து வலமாக விசை, காற்றாடி, கலவை. டக்கோட்டாவில் காற்றாடி, விசை, கலவை. சி-82 விமானத்திலோ கலவை, விசை, காற்றாடி. ஒரு விமானத்தில் பழகிய கை, அடுத்த விமானத்தில் அதே பழக்கத்தால் தவறியது. பழக்கம் இல்லாததால் வந்த தவறன்று; பழக்கம் இருந்ததால் வந்த தவறு!

மூன்று முள் உயரமானி

அதே ஆய்வுக்கூடத்தில் வால்டர் கிரெத்தர் என்பவர் உயரமானியை எடுத்துக்கொண்டார். அக்காலத்து உயரமானி கடிகாரம் போன்றது. நீண்ட முள் நூறு அடிகளையும், குட்டை முள் ஆயிரம் அடிகளையும், மூன்றாவது சிறுமுள் பத்தாயிரம் அடிகளையும் காட்டும். கருவி துல்லியமானதே, அதன் பொறியில் குற்றமில்லை. ஆனால் அதைப் படிக்கும் கண் என்ன செய்கிறது?

கிரெத்தர் பலவகை முகப்புகளை விமானிகளிடம் காட்டி, படிக்க ஆகும் நேரத்தையும் பிழைகளையும் அளந்து 1949இல் வெளியிட்டார். மூன்று முள் முகப்பைப் படிக்கச் சராசரியாக 7.1 விநாடி ஆயிற்று. படித்தவற்றில் 11.7 சதவிகிதத்தில் 1,000 அடியோ அதற்கு மேலோ பிழை இருந்தது. எண்களை நேராகக் காட்டும் முகப்பைப் படிக்க 2 விநாடிகூட ஆகவில்லை. பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

ஒரு கருவியின் துல்லியம் வேறு. அந்தக் கருவியும் மனிதனும் சேர்ந்த இணைப்பின் துல்லியம் வேறு என்பதை இந்த எண்கள் நிறுவின. ஆயினும் எண்கள் வெளியான மறுநாளே கருவிகள் மாறிவிடுவதில்லை. 1958 டிசம்பர் 24 அன்று, தெற்கு இங்கிலாந்தில் சோதனைப் பயணமாகப் பறந்த பிரிட்டானியா விமானம் ஒன்று, பனிமூட்டத்தினூடே இறங்கித் தரையில் மோதிற்று. விமானிகள் தாங்கள் இருந்த உயரத்தைத் தவறாக அறிந்திருந்தனர். அதிலும் மூன்று முள் உயரமானியே இருந்தது. விமானத்தில் இருந்த 12 பேரில் 9 பேர் மாண்டனர். கிரெத்தரின் அளவீடு அப்போது ஒன்பது ஆண்டுப் பழமை உடையது.

ஆளில்லாத சராசரி

இனி அதே விமானப் படையில் நடந்த மற்றோர் அளவீட்டைப் பார்ப்போம். விமானி அறையை எந்த அளவில் கட்டுவது? ஆயிரக்கணக்கான விமானிகளின் உடலை அளந்து, சராசரி மனிதனுக்கு ஏற்றவாறு கட்டினால் பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்று எல்லோரும் எண்ணினர். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி இந்த எண்ணத்தையே சோதித்தார்.

4,063 வீரர்களின் அளவுகள் அவரிடம் இருந்தன. உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் போன்ற 10 அளவுகளைத் தேர்ந்தார். ஒவ்வோர் அளவிலும் நடுப்பகுதியில், அதாவது ஏறத்தாழ 30 சதவிகிதத்தினர் அடங்கும் எல்லைக்குள் இருப்பவரைச் 'சராசரி' என்று கொண்டார். பத்து அளவிலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! மூன்றே அளவுகளை எடுத்துக்கொண்டாலும் 3.5 சதவிகிதத்துக்கும் குறைவானவர்களே தேறினர். 1952இல் இம்முடிவு அறிக்கையாக வெளிவந்தது.

மாணவர்களே, இதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று அளவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால் 0.3ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 0.027, அதாவது 2.7 சதவிகிதம். பத்து முறை பெருக்கினால் 0.0000059. இதை 4,063ஆல் பெருக்கினால் 0.024 ஆள்! உயரமானவருக்குக் கையும் நீளமாக இருக்கும் என்பதால் உண்மையில் அளவுகள் ஓரளவு சார்ந்தவையே. அப்படி இருந்தும் ஓர் ஆள் அகப்படவில்லை. சராசரி மனிதனுக்கென்று கட்டிய அறை, எவருக்கும் முழுமையாகப் பொருந்தாத அறை. இருக்கையையும் மிதிகட்டைகளையும் ஆளுக்கேற்ப நகர்த்தும் அமைப்பு வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து வலுப்பெற்றது.

உங்கள் கையிலுள்ள ஆய்வு

போர் விமானங்களை விட்டு வீட்டுக்கு வருவோம். உங்கள் தொலைபேசியில் எண்களை அழுத்தும் பலகையைப் பாருங்கள். மேல் வரிசையில் 1, 2, 3 இருக்கும். இப்போது கால்குலேட்டரை எடுத்துப் பாருங்கள். மேல் வரிசையில் 7, 8, 9 இருக்கும். ஏன் இந்த வேறுபாடு?

சுழற்றும் தொலைபேசிக்குப் பதிலாகப் பொத்தான் தொலைபேசியை உருவாக்க அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் முனைந்தபோது, பொத்தான்களை எப்படி அடுக்குவது என்ற கேள்வி எழுந்தது. நாம் முன்பு சந்தித்த சப்பானிஸ், 1955இல் லுட்ஸ் என்பவருடன் சேர்ந்து, வெறும் பொத்தான் படங்களை மக்களிடம் கொடுத்து எண்களை அவர்களையே நிரப்பச் சொன்னார். பெரும்பாலோர் நாம் புத்தகம் படிக்கும் முறையிலேயே, மேல் வரிசையில் இடமிருந்து வலமாகத் தொடங்கி நிரப்பினர். பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் டெய்னிங்கர் என்பவர் 16 வகை அடுக்குகளைச் செய்து, எண்களை அழுத்த ஆகும் நேரம், பிழைகள், பயன்படுத்துவோரின் விருப்பம் ஆகிய மூன்றையும் அளந்தார். அவருடைய கட்டுரை 1960இல் வந்தது. 1963 நவம்பரில் பொத்தான் தொலைபேசி பென்சில்வேனியா மாநிலத்தில் முதலில் வழக்கத்துக்கு வந்தது. இன்று நம் விரல் தொடும் கண்ணாடித் திரையிலும் அதே அடுக்குதான் நிலவுகிறது.

விளக்கு சொன்ன பொய்

அதே பென்சில்வேனியாவில் 16 ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஒரு நிகழ்ச்சி, இந்தப் பாடம் இன்னும் எங்கெல்லாம் எட்டவில்லை என்பதைக் காட்டிற்று. 1979 மார்ச் 28, விடியற்காலை 4 மணி. த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தது. மீண்டும் மூட வேண்டிய வேளையில் மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்துவிட்டது. 'வால்வு மூடிவிட்டது' என்று பணியாளர்கள் எண்ணினர். ஆனால் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. 'மூடு' என்ற மின்கட்டளை சென்றுவிட்டதை மட்டுமே காட்டிற்று. கடிதத்தைப் பெட்டியில் போட்டதும், அது உரியவர் கைக்குச் சேர்ந்துவிட்டதாக எண்ணுவது போன்றதல்லவா இது? வெளியேறிய நீர் சேரும் தொட்டியின் அளவுமானியைப் பார்த்திருந்தால் உண்மை விளங்கியிருக்கும். அதுவோ பலகையின் பின்புறத்தில் இருந்தது. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தும் ஒளிர்ந்தும் வந்தன. எதை முதலில் கேட்பது? நீர் மிகுந்துவிட்டது என்று கருதிய பணியாளர்கள் அவசரக் குளிர்நீரைக் குறைத்தனர். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சென்ற பிறகே அந்த வழி அடைக்கப்பட்டது. அதற்குள் உலையின் உட்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகும் நிலைக்கு வழி ஏற்பட்டுவிட்டது.

ஜான் கெமனி என்ற கணித அறிஞரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை தந்தது. பணியாளர்கள் தவறினர் என்பதை அது மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் பெற்ற பயிற்சியும், நடைமுறைக் குறிப்புகளும், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பும் குறையுள்ளவை என்று சேர்த்துச் சொல்லிற்று. 'யார் தவறினார்?' என்ற கேள்வி, 'அவர் கண்முன் என்ன இருந்தது?' என்று விரிந்தது.

களைப்புக்கும் ஓர் அளவுகோல்

நேரத்தைக் கடிகாரத்தால் அளக்கலாம், பிழைகளை எண்ணலாம். ஆனால் ஒருவர் பிழையின்றி, விரைவாக வேலையை முடித்துவிட்டு, அதற்குள் களைத்துச் சோர்ந்துவிட்டால்? அந்தச் சுமையை எப்படி அளப்பது? நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சாண்ட்ரா ஹார்ட், லோவெல் ஸ்டேவ்லாண்டு என்பவருடன் சேர்ந்து 1988இல் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். மூளைக்கு ஏற்பட்ட சுமை, உடலுக்கு ஏற்பட்ட சுமை, நேர நெருக்கடி, வேலை எவ்வளவு நன்றாக முடிந்தது, எவ்வளவு முயல வேண்டியிருந்தது, எவ்வளவு எரிச்சல் உண்டாயிற்று என்ற ஆறையும் வேலை செய்தவரே மதிப்பிடுவார்.

இதைவிட எளிய முறை ஒன்றை 1986இல் இங்கிலாந்தில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் புரூக் வகுத்தார். ஒரு கருவியைப் பயன்படுத்தியவரிடம் 10 கூற்றுகள் தரப்படும். ஒற்றைப்படைக் கூற்றுகள் கருவியைப் புகழ்வன. இரட்டைப்படைக் கூற்றுகள் குறை கூறுவன. ஒவ்வொன்றுக்கும், சற்றும் உடன்படவில்லை என்றால் 1, முழுதும் உடன்படுகிறேன் என்றால் 5 என அவர் எண் தருவார். ஒற்றைப்படைக் கூற்றில் அந்த எண்ணிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படைக் கூற்றில் 5இலிருந்து அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். புகழ்ச்சிக்கெல்லாம் 4, குறைக்கெல்லாம் 2 என்று ஒருவர் எழுதினால் மதிப்பெண் 75. சுமார் 500 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்ட சராசரி 68. அதற்குக் கீழே போனால் கருவியைத் திருத்த வேண்டும் என்று பொருள்.

1998இல் வெளியான பன்னாட்டுத் தர அமைப்பின் விதியொன்று இவ்வரலாறு முழுவதையும் மூன்று கேள்விகளில் அடக்கிவிட்டது. வந்த காரியம் சரியாக முடிந்ததா? அதற்கு எவ்வளவு செலவாயிற்று? முடித்தவருக்கு மனநிறைவு உண்டா? கூடவே ஒரு நிபந்தனையும் இட்டது: இன்ன மனிதர், இன்ன வேலை, இன்ன சூழ்நிலை என்று சொல்லாமல் அளக்கக் கூடாது. டேனியல்ஸ் தேடிக் காணாத 'சராசரி மனிதன்' இங்கும் செல்லுபடியாக மாட்டான்.

மீண்டும் ஆய்வகத்துக்கு

நீங்களும் இந்த அளவீட்டைச் செய்யலாம். பேருந்து நிலையத்திலோ வங்கியிலோ உள்ள இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது உங்கள் கைப்பேசியிலுள்ள செயலி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பாட்டி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என ஐந்தாறு பேரிடம் ஒரே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நேரத்தைக் குறியுங்கள்; எங்கே தயங்கினார்கள், எதை எதுவென்று நினைத்தார்கள் என்று எழுதுங்கள். உதவாதீர்கள், சிரிக்காதீர்கள். "எனக்கு இதெல்லாம் வராதப்பா" என்று பாட்டி சொன்னால், அவரை மதிப்பிடுவதை விட்டு அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் அளவீட்டில் மிக மதிப்புள்ள பதிவு.

நான் என் ஆய்வகத்தில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எல்லா அம்மீட்டர்களின் பெட்டிக்கும் சிவப்பு வண்ணம் பூசினேன். கருகுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு மாணவன் அம்மீட்டரைக் கருக்கினான். இம்முறை கோபிக்காமல், "உனக்கு என்ன தெரிந்தது, சொல்" என்று கேட்டேன். சிவப்பையும் கறுப்பையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு அவனுக்கு இருந்தது! சராசரிக் கண்ணுக்கு நான் செய்த திருத்தம் அவன் கண்ணுக்கு எட்டவில்லை. இப்போது அம்மீட்டர்களின் மேல்விளிம்பில் மரச் சட்டம் ஒன்று ஒட்டியிருக்கிறது. கையில் எடுத்தவுடன் விரல் சொல்லிவிடும்.

பதிவேட்டிலும் ஒரு மாற்றம் செய்தேன். 'காரணம்' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'எதை, எதுவென்று நினைத்து?' என்று எழுதினேன். முதன்முதலில் நான் கடிந்துகொண்ட அந்த மாணவன் அந்தக் கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருந்தான். கேட்கத் தெரியாதவன் நான்தான்.